நள்ளிரவில் மந்தமாகும் சர்வர்: செயல்திறன் தரவைக் கட்டளை வரியில் பதிவுசெய்து மறுநாள் ஓட்டிப் பார்ப்பது எப்படி?

#1 இரவுக்காவல்

அனைவருக்கும் வணக்கம். ஒரு சிறிய நிறுவனத்தின் கணக்குச் சர்வரை நான் கவனித்துக்கொள்கிறேன். அதில் டெபியன் லினக்ஸ், 4 கோர் செயலி, 16 ஜிபி நினைவகம், 2 டிபி அளவுள்ள சுழல் வன்தட்டுகள் இரண்டு, போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் ஆகியவை உள்ளன. ஒவ்வோர் இரவும் 2 மணிக்குக் கிளைகளிலிருந்து அன்றைய வரவு செலவுகள் வந்து சேரும். வழக்கமாகச் சில நிமிடங்களில் முடிந்துவிடும் இந்த வேலை, எப்போதாவது ஓர் இரவில் ஒரு மணி நேரத்துக்கும் மேலாக இழுத்துக்கொண்டு போகிறது. காலையில் உள்ளே நுழைந்து, ஓடும் செயல்முறைகளையும் சுமையையும் நேரலையில் காட்டும் டாப் கட்டளையை ஓட்டினால் சர்வர் அமைதியாக இருக்கிறது. தரவுத்தளப் பதிவுகளிலும் பிழைச்செய்தி எதுவும் இல்லை; வினவல்கள் அனைத்தும் மெதுவாக ஓடியிருக்கின்றன என்பது மட்டுமே தெரிகிறது.

சர்வரில் வரைகலை இடைமுகம் கிடையாது, எஸ்எஸ்எச் என்ற தொலைநுழைவு வழியாக மட்டுமே நுழைகிறேன். இரவு முழுவதும் சர்வரின் நிலையைத் தானாகப் பதிவுசெய்து வைத்து, மறுநாள் குறிப்பிட்ட நேரத்துக்குத் திரும்பிச் சென்று, அப்போதே டாப் பார்த்தது போல முனையத்திலேயே பார்க்க வழி உண்டா?

#2 பழையமுனையம்

வழி உண்டு, அதுவும் நெடுங்காலமாகவே உண்டு. சிஸ்டம் 5 வகை யூனிக்ஸ்களில் இருந்த சார் என்ற கட்டளையை, லினக்ஸுக்காக செபாஸ்டியன் கோடார் எழுதிப் பராமரித்துவரும் சிஸ்ஸ்டாட் தொகுப்பு தருகிறது. அதை நிறுவினால் எஸ்ஏடிசி என்ற சிறிய நிரல் குறித்த இடைவெளியில் எழுந்து, இயங்குதளத்தின் மையமான கெர்னலின் எண்ணிக்கைகளை இருமக் கோப்பில் எழுதிவிட்டு உறங்கிவிடும். இயல்பான இடைவெளி 10 நிமிடம். டெபியனில் கோப்புகள் /வார்/லாக்/சிஸ்ஸ்டாட் அடைவில், எஸ்ஏ என்ற எழுத்துகளோடு தேதி எண் சேர்ந்த பெயரில் இருக்கும். 5ஆம் தேதிக்கான கோப்பு எஸ்ஏ05.

பதிவு தொடங்கிவிட்டதா என்பதை முதலில் உறுதி செய்யுங்கள். டெபியனின் பல பதிப்புகளில் தொகுப்பை நிறுவினால் மட்டும் போதாது. /ஈடிசி/டிஃபால்ட்/சிஸ்ஸ்டாட் கோப்பில் எனேபிள்டு என்ற மாறியை ட்ரூ என்று மாற்ற வேண்டும். இதைக் கவனிக்காமல் விட்டுவிட்டு, தேவைப்படும் நாளில் வெற்று அடைவைப் பார்த்துத் திகைப்பவர்கள் ஏராளம்.

பார்ப்பது எளிது. சார் கட்டளைக்கு -எஃப் கொடுத்துக் கோப்பின் பெயரைச் சொல்லுங்கள்; -எஸ் 00:30:00 என்று தொடக்க நேரத்தையும் -ஈ 05:30:00 என்று முடிவு நேரத்தையும் சொல்லுங்கள். செயலிக்கு -யு, நினைவகத்துக்கு -ஆர், வரிசை நீளத்துக்கும் சுமைச் சராசரிக்கும் -க்யூ, வன்தட்டுக்கு டிஸ்க் என்பதன் முதலெழுத்தான -டி, பிணையத்துக்கு -என் டெவ் என்று சேர்த்தால் அந்தந்த அட்டவணை நேரவாரியாக வரும். நடுவில் சர்வர் மறுதொடக்கம் ஆகியிருந்தால் அதையும் தனி வரியாகக் காட்டிவிடும்.

#3 நெய்தல்

பழையமுனையம் சொன்னதோடு உடன்படுகிறேன். ஆனால் கேட்டவருக்கு வேண்டியது "டாப் பார்த்தது போல" ஒரு காட்சி. சார் முழுச் சர்வரின் மொத்தக் கணக்கையே சொல்லும், எந்தச் செயல்முறை அந்தச் சுமையைத் தந்தது என்பதைச் சொல்லாது. அதற்கு ஏடாப் வேண்டும்.

டெபியனில் ஏடாப் தொகுப்பை நிறுவியவுடன் அதன் பின்னணிச் சேவை 10 நிமிடத்துக்கு ஒருமுறை எல்லாச் செயல்முறைகளின் நிலையையும் சுருக்கி, /வார்/லாக்/ஏடாப் அடைவில் நாளுக்கொரு கோப்பாக எழுதும். 28 நாள் கோப்புகளை வைத்திருக்கும். மறுநாள் ஏடாப் -ஆர் என்று கொடுத்துக் கோப்பின் பெயரையும், -பி 01:50 என்று தொடக்க நேரத்தையும் கொடுத்தால், அந்த நேரத்தில் திரையில் என்ன தெரிந்திருக்குமோ அதுவே திறக்கும். டைம் என்பதன் முதலெழுத்தான ஆங்கிலச் சிறிய டி எழுத்தை அழுத்தினால் அடுத்த மாதிரிக்கு நகரும், ஷிஃப்ட்டோடு அழுத்தினால் முந்தைய மாதிரிக்குத் திரும்பும். பி அழுத்தினால் நேரம் கேட்கும், தந்தால் நேரே அங்கு தாவும். எம் நினைவகக் காட்சி, டிஸ்க் என்பதன் முதலெழுத்தான டி வன்தட்டுக் காட்சி, சி முழுக் கட்டளை வரி. திணறும் வளத்தின் வரி சிவப்பில் ஒளிரும். நேரலையில் பயன்படும் அதே விசைகள்தாம் பதிவிலும் பயன்படுகின்றன என்பதால் புதிதாக எதையும் கற்க வேண்டியதில்லை. இந்த ஒன்றுக்காகவே நான் பராமரிக்கும் எல்லா லினக்ஸ் சர்வர்களிலும் முதல் நாளே ஏடாப்பை நிறுவிவிடுகிறேன்.

இன்னொன்று: இரண்டு மாதிரிகளுக்கு நடுவே பிறந்து மறைந்த செயல்முறைகளையும் அது விட்டுவிடுவதில்லை. கெர்னலின் செயல்முறைக் கணக்கு வசதி இயங்கினால், முடிந்துபோன செயல்முறைகளின் பெயர் கோண அடைப்புக்குள் வரும், அவை செலவழித்த செயலி நேரமும் சேர்ந்தே கணக்கில் வரும்.

#4 இரவுக்காவல்

இருவருக்கும் நன்றி. இரண்டையும் நிறுவிவிட்டேன். ஓர் ஐயம் எழுகிறது. 10 நிமிடத்துக்கு ஒருமுறைதான் பதிவு என்றால், நடுவில் 1 நிமிடம் மட்டும் நீடித்த சிக்கல் பதிவில் தெரியுமா, தெரியாமலே போய்விடுமா?

#5 பழையமுனையம்

பதிவை ஓட்டிப் பார்க்கும் எவரும் முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டிய கேள்வி இது. சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

கெர்னல் தரும் எண்கள் இரு வகை. ஒரு வகை, சர்வர் தொடங்கியதிலிருந்து ஏறிக்கொண்டே போகும் எண்ணிகள்: செயலி செலவழித்த நேரம், வன்தட்டிலிருந்து படித்த செக்டார்கள், பிணையத்தில் போன பைட்டுகள் இவ்வகை. மின்மானியின் எண்ணைப் போல, இரண்டு வாசிப்புகளின் வித்தியாசம்தான் நடுவில் ஆன செலவு. எஸ்ஏடிசி பதிவது அந்த ஏறும் எண்ணையே. கழித்து வகுத்துச் சதவீதமாகக் காட்டுவது சார் செய்யும் வேலை. ஆகையால் நடுவில் நடந்த எதுவும் தொலைவதில்லை, ஆனால் நீர்த்துப்போகிறது. 600 விநாடியில் 60 விநாடி மட்டும் செயலி 100 சதவீதம் ஓடி, மீதி 540 விநாடி 10 சதவீதம் ஓடியது என்று வைத்துக்கொள்வோம். அறிக்கை 19 சதவீதம் என்று காட்டும். அந்த எண்ணைப் பார்த்து எவரும் ஐயப்பட மாட்டார்.

மற்றொரு வகை அந்தக் கணத்து நிலை: பயன்பாட்டில் உள்ள நினைவகம், ஓடக் காத்திருக்கும் செயல்முறைகளின் எண்ணிக்கை போன்றவை. இவற்றுக்கு நடுவில் நடந்தது எதுவும் தெரியாது. 2:01க்கு ஒரு நிரல் 12 ஜிபி நினைவகத்தைப் பிடித்து 2:08க்கு விட்டுவிட்டால், 2:00க்கும் 2:10க்கும் எடுத்த பதிவுகளில் அதன் சுவடே இருக்காது. நினைவகம் போதாதபோது வட்டில் பயன்படும் இடமான ஸ்வாப்புக்குப் போன பக்கங்களின் எண்ணி ஏறியிருந்தால் அதை வைத்து ஊகிக்கலாம், அவ்வளவுதான். எனவே பதிவை வாசிக்கும்போது ஒவ்வொரு பத்தியையும் பார்த்து "இது சராசரியா, அந்தக் கணத்து நிலையா?" என்று கேட்டுவிட்டே முடிவுக்கு வர வேண்டும். இரண்டையும் ஒன்றாக நினைத்து எழுதப்பட்ட ஆய்வறிக்கைகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

உங்கள் சிக்கல் ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடிப்பது. அதற்கு 10 நிமிடமே போதும் என்றாலும், 1 நிமிடமாகக் குறைத்துவிடுங்கள். சிஸ்ஸ்டாட்டை, சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் டைமர் இயக்குகிறது என்றால், சிஸ்டம்சிடிஎல் எடிட் வழியாக சிஸ்ஸ்டாட்-கலெக்ட் டைமரைத் திறந்து, ஆன்காலெண்டர் என்ற வரியை ஒருமுறை மதிப்பில்லாமல் எழுதிவிட்டு, அடுத்த வரியில் புதிய இடைவெளியை எழுதுங்கள். வெற்று வரியை எழுதாவிட்டால் பழைய அட்டவணை நீங்காது, புதியதும் அதோடு சேர்ந்துகொள்ளும். அக்யூரசிசெக் என்பதையும் 1 விநாடி என்று வையுங்கள். அதன் இயல்பு மதிப்பு 1 நிமிடம். அப்படியே விட்டால் 1 நிமிட இடைவெளிப் பதிவுகள் முன்பின்னாகத் தள்ளாடும்.

#6 நெய்தல்

ஏடாப்புக்கு /ஈடிசி/டிஃபால்ட்/ஏடாப் கோப்பில் லாக்இன்டர்வல் என்ற மாறி 600 என்று இருக்கும். 60 ஆக்கிவிட்டுச் சேவையை மறுதொடக்கம் செய்யுங்கள். ஒவ்வொரு மாதிரியிலும் எல்லாச் செயல்முறைகளையும் எழுதுவதால் ஏடாப் கோப்பு சார் கோப்பைவிட வெகு விரைவில் பெருக்கும். நூற்றுக்கணக்கான தரவுத்தள இணைப்புகள் இருந்தால் இன்னும் கூடும். முதல் இரண்டு நாள் கோப்பின் அளவைப் பார்த்துவிட்டு, எத்தனை நாள் வைத்திருப்பது என்று முடிவு செய்யுங்கள்.

#7 கொன்றை

எத்தனை நாள் என்பதில் டெபியன்காரர்கள் விழிப்பாக இருக்க வேண்டும். சிஸ்ஸ்டாட் அமைப்புக் கோப்பில் ஹிஸ்டரி என்பதன் இயல்பு மதிப்பு ரெட் ஹாட் வகையில் 28, டெபியனில் 7. "எப்போதாவது ஓர் இரவு" வரும் சிக்கலுக்கு 7 நாள் பதிவு பயன்படாது, ஏனென்றால் அடுத்த முறை சிக்கல் வரும்போது முந்தைய இரவின் கோப்பு இருக்காது, இரண்டையும் ஒப்பிட முடியாது. 28க்கு மேல் வைத்தால் தேதி எண் மட்டும் கொண்ட பெயர்கள் மோதும், சென்ற மாதத்து 5ஆம் தேதிக் கோப்பை இந்த மாதத்து 5ஆம் தேதி அழித்துவிடும். அதற்கு எஸ்ஏடிசி விருப்பங்களில் டேட் என்பதன் முதலெழுத்தான பெரிய டி சேருங்கள். அப்போது ஆண்டும் மாதமும் சேர்ந்த பெயரில் கோப்பு உருவாகும். 60 நாள் வைத்திருங்கள் என்பது என் பரிந்துரை.

#8 வடதிசை

இந்த இழையில் பெர்ஃபார்மன்ஸ் கோ-பைலட் பற்றி இதுவரை யாரும் சொல்லவில்லை. சிலிக்கான் கிராஃபிக்ஸ் நிறுவனத்தில் 1990களில் உருவாகி, 2000இல் திறந்த மூலமாக வெளிவந்த தொகுப்பு அது. பிசிபி என்று சுருக்கமாக அழைப்பார்கள்.

பழையமுனையம் #5இல் விளக்கிய வேறுபாட்டைப் பிசிபி தன் கோப்பிலேயே எழுதி வைக்கிறது. ஒவ்வோர் அளவீட்டுக்கும் அது எண்ணியா, அந்தக் கணத்து மதிப்பா, அலகு பைட்டா கிலோபைட்டா என்பது பதிவோடு சேர்ந்தே இருக்கும். எண்ணியை வேகமாக மாற்றிக் காட்டும் பொறுப்பைக் கருவியே ஏற்றுக்கொள்கிறது. பிஎம்லாகர் பதிவுசெய்யும், பிஎம்ரெப் கட்டளைக்கு -ஏ கொடுத்துப் பதிவின் பெயரையும், பெரிய எஸ், (டைம் என்பதன் முதலெழுத்தான) பெரிய டி விருப்பங்களில் தொடக்க முடிவு நேரங்களையும் தந்தால், விரும்பிய அளவீடுகளை மட்டும் பக்கத்துப் பக்கத்துப் பத்திகளாக அச்சிடும். -ஏ இல்லாமல் ஓட்டினால் அதே கட்டளை நேரலையைக் காட்டும்.

எனக்கு மிகவும் பிடித்தது பிஎம்ஐஈ. எச்சரிக்கை விதிகளை எழுதிப் பழைய பதிவின் மீதே ஓட்டிப் பார்க்கலாம். "வன்தட்டின் காத்திருப்பு 50 மில்லிவிநாடியைத் தாண்டினால் எச்சரி" என்று விதி எழுதிவிட்டு, சென்ற மாதப் பதிவில் அது எத்தனை முறை ஒலித்திருக்கும் என்று பார்த்துச் சரிசெய்த பிறகு நடைமுறைக்குக் கொண்டுவரலாம். தூக்கத்தைக் கெடுக்கும் வீண் எச்சரிக்கைகளைத் தவிர்க்க இதைவிட நேர்மையான வழி எனக்குத் தெரியவில்லை.

#9 மழைத்துளி

2 சர்வருக்கு மேல் இருந்தால் சர்வர்களின் எண்களைத் திரட்டும் புரோமீத்தியஸும் அவற்றை வரைபடமாகக் காட்டும் கிராஃபானாவும் போட்டுவிடுவதே நல்லது என்பது என் கருத்து. உலாவியில் பார்ப்பதற்கு எளிது.

#10 பழையமுனையம்

பல சர்வர்களுக்கு அது நல்ல ஏற்பாடுதான், மறுக்கவில்லை. ஆனால் சர்வர் திணறும் நேரத்தில் பிணையம் வழியாக வந்து தரவு கேட்கும் அமைப்புக்குச் சில சமயம் பதில் போகாது. வரைபடத்தில் மிக முக்கியமான இடத்தில் ஓட்டை விழும். உள்ளூர் வட்டில் எழுதும் எஸ்ஏடிசியும் ஏடாப்பும் அந்த நேரத்திலும் பெரும்பாலும் எழுதிவிடுகின்றன. மேலும் செயல்முறை வாரியான விவரம் புரோமீத்தியஸின் இயல்பான நோடு எக்ஸ்போர்ட்டரில் கிடையாது. கேட்டவரிடம் ஒரே ஒரு சர்வர் இருக்கிறது, அவருக்கு முனையமே போதும்.

#11 இரவுக்காவல்

நேற்று இரவு மீண்டும் நடந்தது, இம்முறை பதிவு கையில் இருக்கிறது. சார் -யு அறிக்கையில் 0:57 வரை செயலி ஏறத்தாழ ஓய்வாக இருக்கிறது. அதன் பிறகு ஐயோவெயிட் பத்தி 20க்கு மேல் ஏறி, விடியற்காலை 5 மணிக்குச் சற்று முன்புவரை அப்படியே நிற்கிறது. யூசர், சிஸ்டம் பத்திகளில் பெரிய மாற்றம் இல்லை. சுமைச் சராசரி 2 மணிக்குப் பிறகு 9 வரை போயிருக்கிறது. செயலி ஓய்வாக இருக்கும்போது சுமை எப்படி 9 ஆகும் என்பது எனக்குப் புரியவில்லை.

#12 கொன்றை

லினக்ஸின் சுமைச் சராசரியில் செயலிக்காகக் காத்திருப்பவை மட்டுமல்ல, குறுக்கிட முடியாத உறக்கத்தில் இருப்பவையும் சேரும். வன்தட்டின் பதிலுக்காக நிற்கும் போஸ்ட்கிரெஸ் செயல்முறைகள் பெரும்பாலும் அந்த நிலையில்தான் இருக்கும். ஆகவே செயலி ஓய்ந்திருக்க, சுமை ஏறியிருக்கிறது என்றால் கண்ணை வன்தட்டின் பக்கம் திருப்ப வேண்டும்.

ஐயோவெயிட்டை மட்டும் நம்பிவிடாதீர்கள். வட்டு வேலை நிலுவையில் இருக்கும்போது செயலி சும்மா இருந்த நேரம் மட்டுமே அதில் சேர்கிறது. செயலிக்கு வேறு வேலை வந்துவிட்டால், வட்டு அதே அளவு திணறினாலும் இந்த எண் குறைந்துவிடும்.

சார் -டி அறிக்கையை 0:40 முதல் 5:10 வரை எடுத்து எல்லாச் சாதனங்களையும் இங்கே எழுதுங்கள். அப்படியே, உங்கள் இரண்டு வன்தட்டுகளும் எப்படி இணைக்கப்பட்டிருக்கின்றன என்பதையும் சொல்லுங்கள்.

#13 இரவுக்காவல்

இரண்டும் ஒன்றின் பிரதியாக மற்றொன்று இருக்கும் மென்பொருள் ரெய்டு 1 ஆக இணைக்கப்பட்டு எம்டி0 என்ற சாதனமாக இருக்கின்றன. அறிக்கையில் கண்டது இது. எஸ்டிஏ, எஸ்டிபி இரண்டிலும் 0:57க்கு ஒரே நேரத்தில் வாசிப்பு தொடங்குகிறது. விநாடிக்கு 180 எம்பி அளவில் ஆரம்பித்து, மெல்ல மெல்லக் குறைந்து, முடியும் தறுவாயில் 90 எம்பி அளவுக்கு வந்து நிற்கிறது. ஒவ்வொரு நிமிடமும் இரண்டு வட்டுகளின் எண்களும் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கின்றன. 2 மணிக்குக் கிளைத் தரவு வரத் தொடங்கியதும் இந்த வாசிப்பு பாதிக்கும் கீழே சரிந்து, அது முடிந்ததும் மறுபடி ஏறுகிறது. வியப்பு என்னவென்றால், எம்டி0 சாதனத்தின் வரியில் இந்த வாசிப்பு இல்லவே இல்லை; அங்கே வழக்கமான சிறிய எண்களே உள்ளன. ஒரு வட்டு வேண்டுகோள் முடிய ஆகும் சராசரி நேரத்தைச் சொல்லும் அவெயிட் பத்தி வழக்கமாக 8 மில்லிவிநாடி அளவில் இருப்பது 2 மணிக்குப் பிறகு 70ஐத் தாண்டுகிறது.

#14 கொன்றை

உங்கள் பதிவு விடையைச் சொல்லிவிட்டது. நேற்று மாதத்தின் முதல் ஞாயிறு.

ரெய்டை நிர்வகிக்கும் டெபியனின் எம்டிஆடம் தொகுப்பு, மாதத்தின் முதல் ஞாயிறு அதிகாலை ரெய்டு வட்டுகளை முழுவதும் படித்து, இரண்டு பிரதிகளும் ஒத்திருக்கின்றனவா என்று சரிபார்க்கும் வேலையை, குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரான் வழியாக வைத்திருந்தது. பல பதிப்புகளில் அதன் நேரம் 0:57. உங்கள் எண்களில் இதற்கான அடையாளங்கள் எல்லாமே உள்ளன. இரு வட்டுகளும் ஒரே வேகத்தில் படிக்கின்றன, ஏனென்றால் இரண்டும் ஒரே இடத்தைப் படித்து ஒப்பிடுகின்றன. எம்டி0இல் அது தெரியவில்லை, ஏனென்றால் வாசிப்பு அந்தச் சாதனத்துக்கு அடியில், நேராக வட்டுகளின் மீது நடக்கிறது. வேகம் சீராகக் குறைகிறது, ஏனென்றால் சுழல் தட்டின் வெளி விளிம்பில் தொடங்கி உள் விளிம்பு நோக்கிப் போகும் முழு வாசிப்பு அப்படித்தான் இருக்கும். ஒரு சுற்றில் வெளியே கிடைக்கும் தரவு உள்ளே கிடைக்காது. 2 டிபி வட்டைச் சராசரியாக 140 எம்பி வேகத்தில் படித்தால் ஏறத்தாழ 4 மணி நேரம் ஆகும். 0:57இலிருந்து 5 மணிக்குச் சற்று முன்பு என்பது கணக்கில் பொருந்துகிறது.

நெய்தல் சொன்ன ஏடாப் பதிவையும் அந்த நேரத்துக்குத் திறந்து பாருங்கள். எம்டி0_ரீசிங்க் என்ற கெர்னல் இழை அங்கே இருக்க வேண்டும்.

#15 இரவுக்காவல்

ஏடாப்பை -பி 00:55 என்று திறந்து டி விசையால் ஒவ்வொரு நிமிடமாக நகர்த்தினேன். 0:57 வரை இல்லாத எம்டி0_ரீசிங்க் அடுத்த மாதிரியில் தோன்றுகிறது. எம்டி0_ரெய்டு1 என்பதும் அதுவரை இல்லாத அளவு செயலி நேரத்தை எடுக்கத் தொடங்குகிறது. எஸ்டிஏ, எஸ்டிபி வரிகள் சிவப்பாகின்றன. வட்டுக் காட்சியில் எந்தப் பயனர் செயல்முறையின் கணக்கிலும் இவ்வளவு வாசிப்பு இல்லை. கடைசி மாதிரியில் ரீசிங்க் இழை மறைந்தவுடன் வட்டு வரிகள் பழைய நிறத்துக்குத் திரும்புகின்றன. நேரில் உட்கார்ந்து பார்த்தது போலவே இருந்தது. ஓர் ஐயம் மட்டும்: கிளைத் தரவு வந்ததும் சரிபார்ப்பு வழிவிட்டிருக்கிறது, அப்படியும் என் வேலை ஏன் இவ்வளவு தாமதமானது?

#16 கொன்றை

வழிவிடுவது வேகத்தில்தான். வேறு வேலை வந்தால் கெர்னல் சரிபார்ப்பைக் குறைக்கிறது, ஆனால் முழுவதும் நிறுத்துவதில்லை; ஸ்பீட்_லிமிட்_மின் என்ற கீழ் எல்லைக்கு மேல் இருக்கும்போது மட்டும் அதை மெதுவாக்குகிறது. சுழல் வட்டில் தொல்லை தருவது வாசிப்பின் அளவைவிடத் தலையின் அலைச்சல். போஸ்ட்கிரெஸின் ஒவ்வொரு சிறு வேண்டுகோளுக்கும் தலை ஓரிடம் போய், மறுபடி சரிபார்ப்பின் இடத்துக்குத் திரும்புகிறது. அவெயிட் 8இலிருந்து 70க்குப் போனது அதனால்தான்.

இந்தச் சரிபார்ப்பை நிறுத்திவிடாதீர்கள். ஒரு வட்டில் படிக்க முடியாத செக்டார் இருப்பது, மற்ற வட்டு செத்த பிறகு தெரியவந்தால் தரவு போய்விடும்; அதை முன்கூட்டியே கண்டுபிடிப்பதுதான் இதன் பணி. ஸ்பீட்_லிமிட்_மேக்ஸின் இயல்பு மதிப்பு விநாடிக்கு 200000 கிலோபைட். உங்கள் வட்டு அந்த வேகத்தை எட்டாது என்பதால் அது தடையாகவே இல்லை. எம்டி0க்கு மட்டும் சிங்க்_ஸ்பீட்_மேக்ஸை 40000 அளவுக்குக் குறைத்தால் வேலை பகலிலும் நீளும், தாமதம் குறையும். அதைவிட எளிது, தொடக்க நேரத்தைக் கிளைத் தரவு வந்து முடிந்த பிறகு வைப்பது. ஞாயிறு பகலில் அலுவலகம் இல்லையென்றால் தயங்காமல் அப்படியே செய்யுங்கள்.

#17 வடதிசை

இதே பதிவில் பிஎஸ்ஐ என்ற வள நெருக்கடி எண்களையும் பார்க்கலாம். 2018 இறுதியில் வந்த கெர்னல் 4.20 முதல் /பிராக்/பிரஷர் அடைவில், வட்டுக்காகச் செயல்முறைகள் நின்ற நேரம் நேரடியாகக் கிடைக்கிறது. சம் என்பது ஒன்றாவது நின்ற நேரம், ஃபுல் என்பது ஓடக்கூடிய எல்லாமே நின்ற நேரம். டோட்டல் என்ற எண் மைக்ரோவிநாடியில் ஏறிக்கொண்டே போகும் எண்ணி என்பதால், பதிவின் இடைவெளி எவ்வளவானாலும் எதுவும் தொலையாது. ஐயோவெயிட் சொல்லத் திணறுவதை இது சொல்லிவிடும். ஏடாப்பின் புதிய பதிப்புகள் இதைத் தனி வரியில் காட்டுகின்றன, புதிய சிஸ்ஸ்டாட்டும் பதிவுசெய்கிறது. சில லினக்ஸ் விநியோகங்களில் மட்டும் துவக்க வரியில் பிஎஸ்ஐ=1 என்று தர வேண்டியிருக்கும்.

#18 மழைத்துளி

எனக்கும் ஒரு கேள்வி. எங்கள் சர்வர்கள் உலகப் பொது நேரமான யுடிசி நேரத்தில் இயங்குகின்றன. சார் கோப்பை என் மடிக்கணினிக்குக் கொண்டுவந்து திறந்தால் நேரம் எல்லாம் ஐந்தரை மணி தள்ளி வருகிறது. வேறொரு பழைய சர்வரின் கோப்போ திறக்கவே மறுக்கிறது.

#19 பழையமுனையம்

சார் தன் நேரத்தை வாசிப்பவரின் நேர மண்டலத்துக்கு மாற்றிக் காட்டுகிறது. டைம் என்பதன் முதலெழுத்தான -டி விருப்பத்தைச் சிறிய எழுத்தில் கொடுத்தால், கோப்பு எழுதப்பட்ட சர்வரின் உள்ளூர் நேரத்திலேயே காட்டும். ஏடாப்புக்கு டிஇசட் என்ற சூழல் மாறியில் யுடிசி என்று கொடுத்துவிட்டு ஓட்டுங்கள். பிசிபி கருவிகளுக்குச் சிறிய எழுத்தில் -இசட் போதும். பதிவிலிருந்து எந்த நேரத்தை மேற்கோள் காட்டினாலும் பக்கத்தில் நேர மண்டலத்தையும் எழுதிவிடுங்கள். 02:30ஆ 08:00ஆ என்ற குழப்பத்தில் தவறான கிரான் வேலை பழியேற்பதை இது தடுக்கும்.

திறக்க மறுப்பது பதிப்பு வேறுபாடு. எஸ்ஏடிஎஃப் கட்டளைக்கு -சி கொடுத்தால் பழைய வடிவத்துக் கோப்பைப் புதியதாக மாற்றித் தரும். அதே கட்டளை -ஜே கொடுத்தால் ஜேசன் ஆகவும், -ஜி கொடுத்தால் எஸ்விஜி படமாகவும் எழுதும். ஏடாப்பிலும் இதே சிக்கல் உண்டு, அதற்கு ஏடாப்கன்வர்ட் இருக்கிறது.

#20 நெய்தல்

ஏடாப் கோப்பை வேறொருவருக்கு அனுப்பும் முன் ஒன்றைக் கவனியுங்கள். அது ஒவ்வொரு செயல்முறையின் முழுக் கட்டளை வரியையும் பதிகிறது. யாராவது கடவுச்சொல்லைக் கட்டளை வரியிலேயே கொடுத்து ஒரு நிரலை ஓட்டியிருந்தால், அதுவும் கோப்பில் அப்படியே இருக்கும். அடைவின் அனுமதிகளைச் சுருக்குங்கள், பொது இடங்களில் கோப்பை ஏற்றாதீர்கள். சார் கோப்பில் இந்த ஆபத்து இல்லை.

#21 சுடரொளி

விண்டோஸ் சர்வருக்கும் இப்படிச் செய்ய முடியுமா?

#22 வடதிசை

முடியும். லாக்மேன் கட்டளையால் கவுன்டர் தொகுப்பை உருவாக்கிப் பதிவைத் தொடங்கலாம். அது பிஎல்ஜி கோப்பாக எழுதும். ரீலாக் கட்டளையால் அதிலிருந்து வேண்டிய கவுன்டர்களையும் நேரத்தையும் மட்டும் பிரித்து சிஎஸ்வி ஆக்கலாம். அந்த நேரத்திலேயே பார்ப்பதற்கு டைப்பெர்ஃப் போதும். ஏடாப் போல விசை அழுத்தி முன்பின் நகரும் முனையக் காட்சி அதனோடு வருவதில்லை; பெர்ஃப்மான் வரைகலையில் திறக்க வேண்டியிருக்கும்.

#23 இரவுக்காவல்

சரிபார்ப்பின் தொடக்க நேரத்தை ஞாயிறு காலை 6 மணிக்கு மாற்றிவிட்டேன், வேக எல்லையைத் தொடவில்லை. கடைசியாக ஒன்று: அந்த இரவின் பதிவை அடுத்த முதல் ஞாயிறோடு ஒப்பிட வேண்டும். அதுவரை கோப்பை எப்படிப் பாதுகாப்பது?

#24 கொன்றை

சார், ஏடாப் இரண்டின் மூலக் கோப்புகளையும் அப்படியே வேறோர் அடைவுக்கு நகலெடுங்கள். அந்த அடைவைச் சிஸ்ஸ்டாட்டின் சுத்திகரிப்பு தொடாது. உரையாக மாற்றிய அறிக்கையை மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள், ஏனென்றால் பின்னால் வேறு பத்தியைப் பார்க்க வேண்டுமென்றால் உரையிலிருந்து எடுக்க முடியாது. கோப்போடு கூட, சிஸ்ஸ்டாட், ஏடாப், கெர்னல் ஆகியவற்றின் பதிப்பு எண்களையும், /பிராக்/எம்டிஸ்டாட்டின் உள்ளடக்கத்தையும், அன்று நடப்பில் இருந்த கிரான் பட்டியலையும் ஓர் உரைக் கோப்பில் எழுதிச் சேர்த்துவிடுங்கள். ஒப்பிடும்போது இரண்டு இரவுகளுக்கும் ஒரே இடைவெளி இருக்க வேண்டும். அடுத்த மாதத்துக்குள் இடைவெளியை 10 விநாடி ஆக்கிவிட்டால், சார் கட்டளைக்கு -ஐ 60 என்று கொடுத்து 1 நிமிட இடைவெளிக்குக் கொண்டுவந்த பிறகே அவெயிட் எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்.